குடியேற்ற அரசியலும் பொருளாதாரமும்: முதல் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியேற்றம் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்களுக்கு வரும் தயக்கம் பெரும்பாலும் இரண்டு வகை. சிலருக்குப் பொருளாதாரப் பகுதி பயம்: எண்கள், அட்டவணைகள், ஒன்றோடொன்று மோதும் ஆய்வுகள். மற்றவர்களுக்கு அரசியல் பகுதி பயம்: திருத்துபவருக்குப் பிடிக்காத பக்கம் நின்றுவிட்டால் மதிப்பெண் போய்விடுமோ என்ற கவலை. இந்த இரண்டாவது பயத்திலிருந்து பிறப்பதுதான் நான்கு நன்மை, நான்கு தீமை, முடிவில் 'சமநிலை தேவை' என்று எழுதும் பழக்கம். இது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் அந்த நன்மை யாருக்கு, அந்தத் தீமை யாருக்கு என்று எங்கும் சொல்லாததால் கட்டுரை எதையும் நிறுவாமலே முடிந்துவிடும்.

எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுங்கள்: யாருக்கு? எத்தனை காலத்துக்குள்? எதோடு ஒப்பிட்டு? 'குடியேற்றம் பொருளாதாரத்துக்கு நல்லது' என்பது இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்லவில்லை. 'வெளியிலிருந்து செவிலியர்கள் வந்தால், வராதிருக்கும் நிலையோடு ஒப்பிட, நோயாளிகளின் காத்திருப்பு சில ஆண்டுகளுக்குள் குறையலாம்' என்பது மூன்றுக்கும் பதில் சொல்கிறது. சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கவும் முடிகிறது.

முதலில் கேள்வித்தாளைப் படியுங்கள்

இந்தத் தலைப்பில் வரும் கேள்விகள் மூன்று இனம். 'குடியேற்றம் கூலியைக் குறைக்கிறதா?' என்பது உலகில் நடப்பதைப் பற்றிய கேள்வி. பதில் தரவில் இருக்கிறது. 'வாக்காளர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?' என்பதும் நடப்பதைப் பற்றியதே. ஆனால் தரவு வேறு, கருத்துக் கணிப்புகளும் தேர்தல் முடிவுகளும். 'அரசு எல்லையை இறுக்க வேண்டுமா?' என்பது என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி. அதற்குத் தரவு உதவும், ஆனால் தரவு மட்டுமே பதில் ஆகாது. யாருடைய நலனுக்கு எவ்வளவு எடை என்ற மதிப்பீடும் வேண்டும்.

கேள்வியின் வினைச்சொல்லைச் சுற்றி வட்டம் போடுங்கள். 'விளக்குக' என்றால் காரணமும் இயங்குமுறையும் போதும். 'மதிப்பிடுக' என்றால் அளவுகோல் ஒன்றை முதலிலேயே சொல்லியாக வேண்டும்: மொத்த உற்பத்தியா, தலைக்கு வருமானமா, குறைந்த கூலிக்காரர் நிலையா, குடியேறியவரின் நலனா? அளவுகோலை மாற்றினால் முடிவும் மாறும். மக்கள்தொகை கூடினால் மொத்த உற்பத்தி ஏறத்தாழத் தானாகவே கூடும். அதைச் சாதனையாகவும் காட்டலாம், தலைக்கு வருமானத்தை வைத்து ஒன்றுமில்லை என்றும் காட்டலாம். எந்த அளவுகோல், ஏன் அது என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால் கட்டுரையின் பாதிக் குழப்பம் தீரும்.

சொற்களைப் பிரித்து வையுங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே கூடுதல் வேலை இருக்கிறது. உள்ளே வருவதற்குத் தமிழ்நாட்டில் 'குடியேற்றம்', இலங்கையில் 'குடிவரவு', சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'குடிநுழைவு' என்று எழுதுகிறோம். எதை எடுத்தாலும் சரி. கட்டுரை முழுக்க அதையே வைத்திருங்கள். வெளியேறுவதற்கு 'குடியகல்வு' என்ற சொல் கையில் இருக்கிறது, பயன்படுத்துங்கள். 'புலம்பெயர்வு' இரண்டு திசைக்கும் பொதுவாகப் புழங்குவதால் திசை முக்கியமான இடத்தில் அது குழப்பும்.

அகதி, புகலிடம் கோருபவர், வேலைக்கு வந்தவர், ஆவணமற்றவர் ஆகிய நால்வரும் நான்கு வேறு சட்ட நிலையில் இருப்பவர்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. முதலில் 1951க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு என்றிருந்த வரம்பை 1967 நெறிமுறை நீக்கியது. புகலிடம் கோருபவர் என்பவர் அந்தத் தகுதிக்கு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவர். பல நாடுகளில் காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே 'அகதிகள் வேலை செய்யாமல் அரசுப் பணத்தில் வாழ்கிறார்கள்' என்ற வாதத்தை எதிர்கொள்ளும்போது, சட்டம் அவர்களை வேலை செய்ய விடுகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஒரு சொல்லைத் தளர்வாக விட்டால் ஒரு வாதமே தவறாகிவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். சொல்லப்படுவது வாழும் மனிதர்களைப் பற்றி என்பதால் இந்தக் கவனம் மரியாதையும்கூட.

தலைப்பைச் சுருக்குங்கள்

1500 சொற்களில் உலகக் குடியேற்றத்தை எழுத முடியாது. ஒரு நாடு, ஒரு காலம், ஒரு குழு, ஒரு விளைவு என நான்கையும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். '2004க்குப் பிறகு பிரிட்டனுக்கு வந்த கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்களும் குறைந்த கூலி வேலைகளும்' என்பது எழுதக்கூடிய தலைப்பு. 'குடியேற்றத்தின் விளைவுகள்' அப்படி அல்ல. கேள்வித்தாளே பரந்த கேள்வியைக் கொடுத்திருந்தால், முன்னுரையில் எல்லையை நீங்களே அறிவித்துவிடுங்கள். நியாயமான காரணத்தோடு எல்லை போட்டால் அது திட்டமிட்டு எழுதியதற்கு அடையாளமாகவே தெரியும்.

பொருளாதாரப் பகுதி: கூலிக் கேள்வியில் தொடங்குங்கள்

பெரும்பாலான மாணவர்கள் வழுக்கி விழும் இடம் 'வந்தவர்கள் வேலையைப் பறிக்கிறார்கள்' என்ற வாதம். நாட்டில் வேலைகளின் எண்ணிக்கை மாறாதது என்ற கணக்கு அதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது. வருபவர்கள் உழைப்பை மட்டும் கொண்டு வருவதில்லை. வாடகை தருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கடை வைக்கிறார்கள். வேலைக்கான தேவையும் கூடுகிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு 'எனவே யாருக்கும் பாதிப்பில்லை' என்று முடித்தால் அதுவும் அதே அளவு தவறு. அதே திறன் உள்ளவர்களுக்குப் போட்டி கூடலாம், வேறு திறன் உள்ளவர்களுக்கு வேலை கூடலாம். 'யாருக்கு?' என்ற கேள்வி இங்கேதான் உயிர் பெறுகிறது.

இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக் களம் மரியல் நிகழ்வு. 1980இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் மியாமியில் தங்கினார்கள். அந்த நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை 7 சதவீதம் அளவுக்குக் கூடியது. வந்தவர்கள் மியாமியின் சம்பளம் உயர்ந்திருந்ததைப் பார்த்து வரவில்லை. கியூப அரசு திடீரென வழி திறந்ததால் வந்தார்கள். ஆய்வாளருக்கு இது ஏன் பொக்கிஷம் என்றால், சாதாரணமாகக் குடியேறுபவர்கள் ஏற்கெனவே வளரும் ஊருக்குத்தான் போவார்கள். அப்போது ஊர் வளர்ந்தது அவர்களாலா, ஊர் வளர்ந்ததால் அவர்கள் வந்தார்களா என்று பிரிக்க முடியாது.

பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட் 1990இல் மியாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா நகரங்களோடு ஒப்பிட்டு, குறைந்த திறன் தொழிலாளர்களின் கூலியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றார். ஜார்ஜ் போர்ஹாஸ் 2017இல் அதே நிகழ்வை மீண்டும் எடுத்து, பள்ளிப் படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் அல்லாத ஆண்களை மட்டும் பார்த்து, அவர்கள் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்தது என்றார். ஜோவானி பெரியும் வாசில் யசெனோவும் வேறு ஒப்பீட்டு முறையில் அந்த வீழ்ச்சியைக் காணவில்லை. மைக்கேல் கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் வேறொன்றைச் சுட்டினார்கள்: போர்ஹாஸ் பார்த்த சிறிய மாதிரியில், சரியாக அந்த ஆண்டுகளில், கறுப்பின ஆண்களின் பங்கு கூடியிருந்தது. அவர்களின் சராசரிக் கூலி முன்பே குறைவு என்பதால், யாருடைய கூலியும் குறையாமலே மாதிரியின் சராசரி இறங்கியிருக்கலாம்.

புதிதாக எழுதுபவர் இதைப் படித்துவிட்டு 'அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது' என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுகிறார். தங்கச் சுரங்கத்தின் வாசல்வரை போய்த் திரும்புவது அது. ஏன் வேறுபடுகிறார்கள் என்று எழுதுங்கள்: யாரை எண்ணினார்கள், எந்த நகரத்தோடு ஒப்பிட்டார்கள், மாதிரி எவ்வளவு பெரியது. அந்த மூன்றையும் ஒரு பத்தியில் சொன்னால் போதும், நீங்கள் ஆய்வைப் படித்துப் புரிந்துகொண்டவர் என்பது தெரிந்துவிடும்.

மாதிரியில் இருப்பவர்களின் கலவை மாறுவதால் சராசரி மாறும் இந்தப் பிழையைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் 10 பேர், ஆளுக்கு 100 கூலி, சராசரி 100. வேறு நாட்டில் 20 வாங்கிக்கொண்டிருந்த 2 பேர் இங்கே வந்து 40 வாங்குகிறார்கள். இப்போது மொத்தம் 1080, ஆட்கள் 12, சராசரி 90. சராசரிக் கூலி 10 சதவீதம் விழுந்துவிட்டது. ஆனால் பழைய பத்துப் பேருக்கு ஒரு காசும் குறையவில்லை, வந்த இருவருக்கு இரட்டிப்பு. சராசரியை மேற்கோள் காட்டும் முன் அது யாருடைய சராசரி என்று பாருங்கள்.

எதிர்த்திசைச் சோதனையும் உண்டு. மெக்சிகோ விவசாயத் தொழிலாளர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பிரசேரோ திட்டம் 1942இல் தொடங்கி 1964 இறுதியில் நிறுத்தப்பட்டது. உள்நாட்டுக் கூலியை உயர்த்துவது அந்த நிறுத்தத்தின் நோக்கங்களில் ஒன்று. கிளெமென்ஸ், லூயிஸ், போஸ்டல் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிரசேரோ தொழிலாளர்களை அதிகம் நம்பியிருந்த மாநிலங்களில் கூலி மற்ற மாநிலங்களைவிட வேகமாக உயரவில்லை என்று கண்டார்கள். இயந்திரம் கிடைத்த பயிர்களில் நிலத்துக்காரர்கள் இயந்திரத்துக்கு மாறினார்கள். தக்காளி அறுவடை தெளிவான உதாரணம். இயந்திரம் இல்லாத சில பயிர்களில் விளைச்சலே குறைந்தது. உழைப்பு குறைந்தால் கூலி ஏறும் என்ற பாடப்புத்தகக் கோடு ஏன் சில சமயம் நிஜத்தில் வேலை செய்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அரசுக் கணக்கு, அனுப்பும் பணம்

வரி கட்டுவது அதிகமா, சேவை பெறுவது அதிகமா என்ற கேள்வியில் பதில் காலத்தைப் பொறுத்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கை, முதல் தலைமுறைக் குடியேறிகள் மாநில, உள்ளாட்சி நிதிக்குச் செலவாவதற்குப் பெரும் காரணம் அவர்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்றும், அதே பிள்ளைகள் வளர்ந்த பிறகு மிக அதிகமாக நிதிக்குப் பங்களிப்பவர்களில் இருக்கிறார்கள் என்றும் காட்டியது. ஒரே ஆண்டைப் படம் பிடித்தால் நட்டம், ஆயுள் முழுக்கப் பார்த்தால் வேறு படம். பள்ளிச் செலவைப் பெற்றோர் கணக்கில் எழுதிவிட்டு, பிள்ளை கட்டும் வரியை 'உள்நாட்டவர்' கணக்கில் எழுதும் அட்டவணைகளை அடிக்கடி பார்ப்பீர்கள். அந்த இடத்தில் நின்று கேள்வி கேளுங்கள்.

தாயகத்துக்கு அனுப்பும் பணத்தில் தொகையையும் விகிதத்தையும் கலக்காதீர்கள். 2023இல் உலகிலேயே அதிகத் தொகை பெற்ற நாடு இந்தியா, சுமார் 120 பில்லியன் டாலர். ஆனால் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். தஜிகிஸ்தான் பெறும் தொகை மிகச் சிறியது, ஆனால் மொத்த உற்பத்தியில் ஏறக்குறையப் பாதிக்குச் சமம். வெளிநாட்டில் கதவு மூடினால் எந்த நாடு ஆடிப்போகும் என்று எழுத இரண்டாவது எண்தான் வேண்டும்.

எண்களை எடுக்கும்போது

இருப்பும் ஓட்டமும் வேறு. 2024 நடுவில் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 30.4 கோடி, உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதம் என்று ஐ.நா. மதிப்பிட்டது; அது இருப்பு. ஓர் ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஓட்டம். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் நிகரம். இந்த மூன்றையும் ஒரே பத்தியில் பெயரிடாமல் கலப்பது இந்தத் தலைப்பில் மிகச் சாதாரணமான பிழை.

கணிப்பை மேற்கோள் காட்டினால் அதன் நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள். 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிரிட்டனுக்கு ஆண்டுக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று அரசு கேட்டு வாங்கிய ஓர் ஆய்வு 2003இல் கணித்தது. வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. நிபுணர்கள் தோற்றார்கள் என்று எழுதுவது எளிது. ஆனால் மற்ற நாடுகளும் கதவைத் திறக்கும் என்பது அந்தக் கணிப்பின் அனுமானம். உண்மையில் உடனே முழுதாகத் திறந்த பழைய உறுப்பு நாடுகள் பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மட்டுமே. ஜெர்மனி 2011 வரை கட்டுப்பாடு வைத்திருந்தது. அனுமானம் உடைந்த கதையும் அதன்பின் எழுந்த அரசியல் சினமும் சேர்ந்தால் ஒரு முழுக் கட்டுரைக்கே பொருள் இருக்கிறது.

எண்ணை முடிந்தவரை மூல அறிக்கையின் அட்டவணையிலிருந்தே எடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஓர் ஆய்வின் தலைப்பைக் கொடுத்தால் அந்த ஆய்வு உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் தேடிப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இல்லாத ஆய்வை இருப்பதுபோல் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

அரசியல் பகுதி: இது பொருளாதாரத்தின் வால் அல்ல

மாணவர் கட்டுரைகளில் அரசியல் பகுதி 'வேலை போகும் பயத்தால் மக்கள் எதிர்க்கிறார்கள்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆய்வுகள் வேறு சொல்கின்றன. ஹைன்முல்லர், ஹாப்கின்ஸ் இருவரும் 2014இல் இருபது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவரின் சொந்தச் சம்பளத்துக்கு வரும் ஆபத்தைவிட, நாட்டுக்கும் பண்பாட்டுக்கும் என்ன ஆகும் என்ற எண்ணமே மனப்பான்மையை அதிகம் தீர்மானிப்பதாகக் கண்டார்கள். அலெசினா, மியானோ, ஸ்டான்ச்சேவா மூவரும் ஆறு நாடுகளில் கேட்டபோது, மக்கள் தங்கள் நாட்டில் குடியேறியவர்களின் பங்கை உண்மையைவிட மிக அதிகமாகவே மதிப்பிட்டார்கள். குடியேற்றத்தைப் பற்றி முதலில் சிந்திக்க வைத்தாலே ஏழைகளுக்கான மறுபங்கீட்டுத் திட்டங்களுக்கு ஆதரவு குறைந்தது.

இதை வைத்து 'எதிர்ப்பவர்கள் அறியாதவர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். வீடு, பள்ளி, மருத்துவமனை மீதான நெருக்கடி ஊருக்கு ஊர் வேறுபடும். நாட்டுக்குக் கிடைக்கும் ஆதாயம் அந்த ஊருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். எதிர்ப்பவரின் வாதத்தை அவரே 'ஆம், இதைத்தான் சொல்கிறேன்' என்று ஒப்புக்கொள்ளும் வடிவில் எழுதிவிட்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். ஆதரிப்பவருக்கும் இதே நியாயம்.

அரசியல் பகுதியில் சட்டங்களை ஆண்டோடு வையுங்கள். அமெரிக்காவின் 1882 சீனர் விலக்குச் சட்டம், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று வரம்பு போட்ட 1924 ஒதுக்கீட்டுச் சட்டம், அந்த ஒதுக்கீட்டை நீக்கிய 1965 சட்டம். கல்வி போன்ற தகுதிகளுக்குப் புள்ளி போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்க கனடா 1967இல் கொண்டுவந்த புள்ளி முறை. யாரை அனுமதிப்பது என்பதை இனம் தீர்மானித்த காலத்திலிருந்து, குடும்ப உறவும் கல்வித் தகுதியும் தீர்மானிக்கும் காலத்துக்கு வந்த பாதை அதில் தெரியும்.

சொல் கணக்கு

1500 சொற்களுக்கு ஒரு நல்ல பங்கீடு: முன்னுரை 130, சொற்களும் எல்லையும் 170, பொருளாதாரச் சான்று 450, அரசியல் 400, வலுவான எதிர்வாதமும் பதிலும் 200, முடிவு 150. பலர் முன்னுரைக்கே 350 சொல் செலவழித்து, 'ஆதிகாலம் முதல் மனிதன் இடம்பெயர்ந்து வருகிறான்' என்று தொடங்குகிறார்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். எந்தக் கேள்விக்கும் ஒட்டும் வரி எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது. 45 நிமிடத் தேர்வில் 8 நிமிடம் திட்டம், 32 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் சரிபார்ப்பு.

ஒரு பத்திக்கு ஒரு கூற்று. கூற்று, சான்று, அந்தச் சான்று எப்படிக் கூற்றைத் தாங்குகிறது, அது எங்கே தாங்காது என்ற வரிசை போதும். மூன்றாவது வாக்கியம்தான் அதிகம் விடுபடுகிறது. எண்ணை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

உங்கள் கருத்தும் உங்கள் குடும்பமும்

கருத்துச் சொல்லலாமா? 'மதிப்பிடுக' என்ற கேள்விக்குச் சொல்லியே ஆகவேண்டும். நேர்மையான திருத்துபவர் உங்கள் பக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. சான்றிலிருந்து முடிவுக்கு வந்தீர்களா, முடிவை வைத்துக்கொண்டு சான்று தேடினீர்களா என்பதையே பார்க்கிறார். அதைச் சோதிக்க ஒரு வழி: எந்தச் சான்று கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று வரைவின் ஓரத்தில் எழுதுங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் சொந்த அனுபவத்தை எழுதலாமா என்று தயங்குகிறார்கள். அந்த அனுபவம் மதிப்புள்ளது, ஆனால் அதன் இடம் சான்று வரிசை அல்ல. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை 'இப்படியும் நடக்கிறது' என்று நிறுவும். 'இப்படித்தான் நடக்கிறது' என்று நிறுவாது. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அது உங்களுக்கு மற்றவர்களைவிட முன்பே சொல்லிக்கொடுத்திருக்கும். விசா விதியால் முதலாளியை மாற்ற முடியாத தொழிலாளி கூலி பேச முடியாது என்பது வீட்டில் கேட்டு வளர்ந்தவருக்கு உடனே தோன்றும், அட்டவணையை மட்டும் படித்தவருக்குத் தோன்றாது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தரவிடம் போங்கள்.

கடைசி வாசிப்பில் சிவப்புப் பேனாவோடு மூன்றைத் தேடுங்கள். 'குடியேறியவர்கள்' என்று பொதுவாக வரும் இடமெல்லாம் எந்தக் குடியேறியவர்கள் என்று எழுதுங்கள். 'அலை', 'வெள்ளம்', 'படையெடுப்பு' போன்ற சொற்களை எடுத்துவிட்டு எண்ணிக்கையைப் போடுங்கள். 'அனைவரும் அறிந்ததே' என்று தொடங்கும் வாக்கியத்துக்குச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.